முத்துமாரியம்மாள் மறித்த வழி

“இது மனுசி செய்யற வேலையா?”

சைக்கிளை நிறுத்திவிட்டுக் கத்தினாள் பானுப்பிரியா. வண்டிப் பாதையின் குறுக்கே கருவேல முள் வெட்டிப் போட்டுக் கிடந்தது.

“எல்லாம் அந்த முத்துமாரியம்மா வேலைதான்” என்றாள் பின்னால் வந்த அய்யம்மாள். “நம்ம டயரு பட்டா அவுக நிலம் தேஞ்சு போயிரும்லா!”

இரண்டு பேரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். தினமும் கண்மாய்க் கரை மேல் சைக்கிளில் போய் வந்தவர்கள். கரையை உயர்த்துகிறோம் என்று சொல்லி அதை அடைத்துவிட்டார்கள். மேலே ஜேசிபி நிற்கிறது. ஆள் நடக்கக்கூட வழியில்லை.

மெயின் ரோட்டில் போய்ப் பார்த்தார்கள். ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு போகிற ரோடு. லோடு லாரிகள் உரசிக்கொண்டு போயின. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால், கம்பெனி கேட்டைச் சாத்தியிருந்தார்கள். அன்றைக்கு வேலை போச்சு.

ஓடை வழியாகப் போனார்கள். மணலில் சக்கரம் புதைந்தது. சைக்கிளைத் தலையில் சுமக்காத குறை.

கடைசியில் அகப்பட்டதுதான் இந்த வண்டிப் பாதை. முத்துமாரியம்மாளின் மக்காச்சோளக் காட்டை ஒட்டி, மோட்டார் ரூமைத் தாண்டினால் நேரே கம்பெனி. பானுப்பிரியாவின் அம்மா ஒரு காலத்தில் களையெடுத்த காடுதான்.

முதல் நாளே முத்துமாரியம்மாள் பார்த்துவிட்டாள். ஐம்பதைத் தாண்டியவள். ஊரில் யாரிடமும் நின்று பேசாதவள். “ஏத்தா, நில்லுங்க!” என்று கை தட்டிக்கொண்டே ஓடிவந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று இவர்கள் மிதித்த மிதியில் செயின் கழலாதது அதிசயம்.

மறுநாள் முள். ஒதுக்கிவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் முள்.

“இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம் மதினி” என்று முள்ளை இழுத்துப் போட்டாள் பானுப்பிரியா.

தேட வேண்டியிருக்கவில்லை. மோட்டார் ரூம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள் முத்துமாரியம்மாள்.

“ஏம்மா, சைக்கிள் போக வழி விட மாட்டீகளா? நாங்க என்ன பறந்தா போக முடியும்?”

“பறந்துதானத்தா போறீக! கூப்பிடக் கூப்பிட நிக்காம.”

“திட்டு வாங்க எவ நிப்பா?”

“திட்டவா கூப்பிட்டேன்?” முத்துமாரியம்மாளின் குரல் இறங்கியது. சுற்றும் முற்றும் பார்த்தாள். ரூமுக்குள் போய் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். மகள் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. தூசி துடைத்து, காற்றடித்து வைத்திருந்தாள்.

“இதை ஓட்டச் சொல்லித் தாரீகளா?”

பானுப்பிரியா சைக்கிளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மகளை ஆனைக்குட்டத்துல குடுத்திருக்கு. போய்ப் பாக்கணும்னா எங்க வீட்டுக்காரவுக வண்டியை எடுக்கணும். அவுகளுக்கு என்னைக்கு வேலை ஒழிஞ்சிருக்கு? நீங்க நெனச்ச நேரம் ஏறி மிதிச்சுப் போறீக. பாக்கவே ஆசையா இருக்கு. எங்க ஆளுககிட்டக் கேட்டாச் சிரிப்பாக. உங்ககிட்டக் கேக்கலாம்னா நிக்க மாட்டேங்கீக. அதான் முள்ளைப் போட்டேன்.”

அன்று சாயங்காலமே களத்துமேட்டில் பாடம் ஆரம்பமானது. அய்யம்மாள் கேரியரைப் பிடித்தாள். பெரிய வீட்டு அம்மாவைத் தொடலாமா என்று பானுப்பிரியாவின் கை தயங்கியது.

“இடுப்பைப் பிடி தாயி! நான் விழுந்து கெடந்தா மட்டும் மரியாதையா இருக்குமாக்கும்?”

பிடித்தும் விழுந்தாள். மூன்று பேரும் சேர்ந்தே விழுந்தார்கள். வைக்கோல் தலையோடு உட்கார்ந்து சிரித்த சிரிப்பில், காட்டில் மேய்ந்த மயில்கள் பறந்தோடின. அவித்த கடலையும் மோரும் வந்தது. மறுநாளும் வந்தது. கம்பெனி பேச்சு, வீட்டுப் பேச்சு, மாமியார் பேச்சு எல்லாம் அந்தக் களத்தில்தான்.

முத்துமாரியம்மாள் மட்டும் ஓட்டிப் பழகினபாடில்லை. பிடியை விட்டால் பொத்தென்று விழுந்தாள்.

இதற்குள் கரை வேலை முடிந்து பாதையைத் திறந்துவிட்டார்கள். வழவழவென்று அருமையான பாதை.

“இனி அங்கனயே போயிரலாம் பானு. வெரசா வீட்டுக்குப் போவோம்” என்றாள் அய்யம்மாள்.

“அந்தம்மா தனியா ஒரு வட்டம்கூட வரலையே மதினி. பாதியில விட்டா பாவம்லா? கரை தெறந்ததைச் சொல்ல வேண்டாம். பழகுற வரைக்கும் இது வழியாவே போவோம்.”

அப்படியே போனார்கள். ஒருவருக்கு உபகாரம் செய்கிறோம் என்ற நினைப்பில் பானுப்பிரியாவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் மோரை வாங்கிக் குடிக்கும்போதெல்லாம் மறைத்தது உறுத்தியது. ஒரு நாள் சொல்லிவிட்டாள்.

“அம்மா, கோவிச்சுக்கிடாதீக. கரையைத் தெறந்துட்டாக.”

“தெரியும் தாயி. ஞாயித்துக்கெழமை அது வழியாத்தான் மக வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்.”

“யாரு கூட?”

முத்துமாரியம்மாள் சைக்கிளை எடுத்தாள். சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மணியை அடித்துக்கொண்டே களத்தை ஒரு பெரிய வட்டம் சுற்றி, இவர்கள் முன்னால் வந்து ஒற்றைக் காலை ஊன்றி நின்றாள்.

அய்யம்மாள் வாயில் கை வைத்தாள்.

“பெறகு எதுக்கும்மா தெனமும் விழுந்துக்கிட்டே இருந்தீக?” என்றாள் பானுப்பிரியா.

“ஒழுங்கா ஓட்டிட்டா, நீங்க ரெண்டு பேரும் இங்கன எதுக்கு வரப் போறீக?”