வட்டத்துக்கு வெளியே

“ஒண்ணு விடாம எல்லாரையும் கொன்னுடுவாங்கம்மா” என்று போனில் அப்பா அழுதார்.

எல்லாரையும் என்று அவர் சொன்னது கோழிகளை. மனைவி போன பிறகு அவருக்குச் சொந்தம், சொத்து, பேச்சுத்துணை எல்லாமே கொட்டகை நிறைய இருந்த அந்தக் கோழிகள்தான்.

“அழாதீங்கப்பா. நான் பார்த்துக்கிறேன்” என்றாள் மகள். சும்மா சொல்லவில்லை. கால்நடைத் துறை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவளே அவள்தான்.

பறவைக் காய்ச்சல் கண்ட பண்ணையை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் கம்ப்யூட்டரில் ஒரு சிவப்பு வட்டம் போட வேண்டும். உள்ளே இருக்கிற கோழி அத்தனையையும் அழித்துவிடுவார்கள். வெளியே இருப்பவை தப்பித்துவிடும். அப்பாவின் பண்ணை உள்ளே, ஓரமாக மாட்டிக்கொண்டிருந்தது.

“கோழியெல்லாம் நல்லாத்தானே இருக்கு?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“நாலஞ்சு மட்டும் தலையைத் தொங்கப்போட்டுட்டு நிக்குது. வெயிலுக்கா இருக்கும்.”

“வெயிலுக்குத்தான் இருக்கும்” என்றாள் அவளும். நம்புவது என்று முடிவு செய்துவிட்டால் எதைத்தான் நம்ப முடியாது?

நடுப்புள்ளியைக் கொஞ்சம், நகக்கண் அளவுக்கு நகர்த்தினாள். அப்பாவின் பண்ணை வெளியே போனது. எதிர்ப்பக்கத்தில் ஊரின் ஒரு மூலை உள்ளே வந்தது, அவள் குடியிருக்கும் தெருவும் சேர்த்து. வரட்டுமே. மாடி வீடுகள் நெருக்கியடிக்கும் அந்தத் தெருவில் கோழி வளர்க்க யாருக்கு இடமிருக்கிறது?

மேலதிகாரி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “சரியா இருக்காம்மா? ஜனங்க இதை நம்பித்தான் இருக்காங்க.”

“பக்காவா இருக்கு சார்.”

மதியத்துக்குள் வரைபடம் எல்லோர் போனுக்கும் போய்விட்டது. வெள்ளை உடுப்பு மாட்டிய ஆட்கள் சாக்குகளோடு கிளம்பினார்கள். சிவப்புக்குள் சிக்கிய ஒரு பண்ணைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுவதை யாரோ படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். அவள் அதை முழுசாகப் பார்க்காமலே அழித்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

“நீ எனக்கு மக இல்லம்மா, பெத்த தாய்” என்று அவர் தழுதழுத்தார். அவளுக்கும் கண் கலங்கியது. வயிறு நிறைந்தாற்போல் இருந்தது.

சாயங்காலம் கணவன் கூப்பிட்டான். பிள்ளை ஒரு தும்மல் போட்டாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற பயந்தாங்கொள்ளி. பிறந்ததிலிருந்தே பாப்பாவுக்கு மூச்சிளைப்பு. அதனால் அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

“என்ன நீ, நம்ம தெருவே சிவப்பா இருக்கு! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க. பேசாம வீட்டுலயே இருங்க.”

“வீட்டுலயா? நல்லா இருக்கே கதை! மேப்பைப் பார்த்ததுமே பாப்பாவைத் தூக்கிட்டு ஓடி வந்துட்டேன். இப்ப நாங்க வட்டத்துக்கு வெளிய இருக்கோம். உங்கப்பா பண்ணையில.”

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “பாப்பாவை… கொட்டகைப் பக்கம் மட்டும் விடாதீங்க…”

“இரு, இரு, அவளே உங்கிட்டப் பேசணுமாம்.”

“அம்மா, தாத்தா கோழி என் மடியிலேயே தூங்கிடுச்சு, எழுப்பினா எந்திரிக்கவே மாட்டேங்குது!”