இன்னிக்கு என்ன புதுசு?

"இன்னிக்கு என்ன புதுசு?" என்றபடி சாப்பிட உட்கார்ந்தார் பாதுஷா.

"அன்னாசிப்பழம் போட்ட மீன் குழம்பு," என்றாள் மனைவி மரியம் பீவி.

ஒரு வாய் சாப்பிட்டார். "அருமை!"

மரியத்தின் முகம் வாடியது. மகள் சனோபருக்கு இது விளங்கவே இல்லை. ஆறு மாதமாகத் தினம் ஒரு புதுச் சமையல். அத்தாவும் அலுக்காமல் புகழ்கிறார். அம்மாவோ புகழப் புகழச் சோர்ந்து போகிறாள்.

மறுநாள் பாகற்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. வாயில் வைத்ததுமே பாதுஷா முகத்தைச் சுளித்தார். "என்ன மரியம், இம்புட்டுக் கசக்குது!"

மரியம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள்.

"ஏன் அத்தா, ஆசையா ஆக்கி வச்சா இப்படியா சொல்லுவீங்க?" என்று சீறினாள் சனோபர்.

"அவரைத் திட்டாதடி." மரியம் அழுதுகொண்டே சிரித்தாள். "போன வருசம் காய்ச்சல்ல படுத்து எந்திரிச்சதுலருந்து அத்தாவுக்கு நாக்குல ருசியே இல்ல. பிரியாணி மாஸ்டரா இருந்துக்கிட்டு அதை வெளிய சொல்ல முடியுமா? முழங்கால் வலின்னு சொல்லி, வில்லாபுரத்துக் கல்யாண ஆர்டரைக்கூட விட்டாரு. ஒருநாள் நான் உப்புப் போட மறந்த தால்ச்சாவை 'அருமை'ன்னாரு. அன்னிக்கே புரிஞ்சிருச்சு. ஏதாச்சும் ஒண்ணு அந்த நாக்கை எழுப்பாதான்னுதான் தினம் புதுசு புதுசா ஆக்குனேன்."

பாதுஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு வாய் எடுத்து, மெதுவாக மென்றார்.

"புளியும் கொஞ்சம் பத்தல, மரியம்."