போர்வையை விரித்தது யார்?

"இன்னிக்கு நீ மாட்டினே!" என்று கேமராவோடு சமையலறைக்குள் நுழைந்தார் அவர். கும்மிருட்டிலும் படமெடுக்கும் கேமரா. வேலை பார்க்கும் கடையில் இரவல் வாங்கியது.

கல்யாணமாகிப் போன மகளின் அறையில் அவர் மடித்து வைக்கும் போர்வை, தினமும் காலையில், யாரோ படுத்திருப்பதுபோல் தலையணைமேல் போர்த்தப்பட்டிருந்தது. அதனால்தான் நேற்றிரவு கேமராவை அங்கே வைத்திருந்தார்.

"ராத்திரி அங்க போய் அழுதுட்டு வர்றே. என்னைப் பாரு, கல்லு மாதிரி இருக்கேன்!"

"படத்தைப் போடுங்க, கல்லு" என்றாள் மனைவி.

பச்சை வெளிச்சத்தில் ஓர் உருவம் வந்து போர்வையை விரித்தது. தலையணையைத் தட்டிக்கொடுத்தது. திரும்பியபோது வழுக்கை பளபளத்தது. சந்தேகமே இல்லை, அவருடைய வழுக்கைதான். பின்னால் அவர் முழங்கையைப் பிடித்தபடி மனைவி.

"ஒரு மாசமா தூக்கத்துல நடக்கறீங்க. விழுந்துடக் கூடாதேன்னு கூடவே வர்றேன்."

"ஏன் சொல்லல?"

"அவ சின்னதா இருந்தப்ப தினமும் இப்படித்தானே போர்த்திவிடுவீங்க. சொன்னா நிறுத்திடுவீங்களோன்னு இருந்துச்சு."

கல் மூக்கை உறிஞ்சியது. "கேமராவை இன்னிக்கே கொடுத்துடறேன்."

"அதுக்கு முன்னாடி இந்தப் படத்தை அவளுக்கு அனுப்புங்க. அங்க அவளுக்கும் தூக்கம் வரலையாம்."