இடம் மாறிய ரோஜா

காலை வெயில் கொல்லைச் சுவரைத் தாண்டி ரோஜாச் செடியின் மேல் விழுகிறது. துப்பறியும் நாவல் எழுதுகிற மனைவி நோட்டும் கையுமாக அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய கதையில் திருடன் நகைப்பெட்டியைப் புதைத்து, மேலே பூத்த செடியொன்றை நட்டுவிட்டான். தோட்டமே கதியென்று கிடக்கும் துப்பறியும் அம்மாள் அதை எப்படிக் கண்டுபிடிப்பாள் என்று தெரியாமல் ஒரு வாரமாகக் கதை நகரவில்லை. எதிரே இலைகள் துவண்டு தொங்குகின்றன. மொட்டு ஒன்று தலை கவிழ்ந்திருக்கிறது. "என்னங்க, இது நேத்து வேலியோரம்தானே இருந்துச்சு?" மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே கணவர் சொல்கிறார்: "நேத்து சாயங்காலம் நான்தான் பேத்து நட்டேன். பூக்கிற நேரத்துல வேரைக் கிளப்பினா மறுநாளே மூஞ்சியத் தொங்கப் போட்டுடும். உன் துப்பறியற அம்மாவுக்கு இது போதாதா?" மூன்று வருஷமாக அவர் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்ட செடி. அவள் கவிழ்ந்த மொட்டை விரலால் நிமிர்த்திப் பார்க்கிறாள். "பிழைச்சிடுமா?" "பாக்கலாம். வெயில் படாம இருக்கணும். நீ உள்ள போய் எழுது." அவள் உள்ளே போய்க் குடையோடு திரும்பி வருகிறாள். அதை விரித்துச் செடிக்கு மேல் ஒரு கையால் பிடித்தபடி, மடியில் நோட்டை வைத்து எழுதத் தொடங்குகிறாள்.