ஆறு மணிக்குத் தேவையில்லாத அறை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் மேலாளர் சிவப்பிரகாசம். மாலை ஆறிலிருந்து பத்து வரை மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஒரு கருவியை வாங்கி மாட்டியவரும் அவர்தான். யாருடைய வேலை உற்பத்திக்குத் தேவையில்லையோ, அவர் இடத்துக்கு அந்த நான்கு மணி நேரமும் அது மின்சாரம் தராது.

கருவி மூன்று மாதம் எல்லோரையும் கவனித்தது. பிறகு ஒருநாள் ஆறு மணிக்கு மேலாளர் அறையை அணைத்தது. ஆள் வேலை செய்த மற்ற எல்லா இடத்திலும் விளக்கு எரிந்தது.

எலக்ட்ரீசியன் ராசுவைக் கூப்பிட்டுக் கத்தினார் சிவப்பிரகாசம். “இது மேனேஜர் ரூமுன்னு அதுக்குத் தெரியாதா?”

“தெரியுமுங்க சார். தெரிஞ்சுதானுங்க நிறுத்தியிருக்குது.”

இருட்டிலும் புழுக்கத்திலும் உட்கார முடியாமல் தையல் பகுதிக்குப் போய் நின்றார். தையல்காரி ஜெயசுதா நிமிர்ந்து பார்த்தாள்.

“வெளிச்சத்த மறைக்கறீங்க சார். சும்மாதான் நிக்கறீங்கன்னா, இந்தப் பனியனுக்குப் பிசிறாச்சும் வெட்டிக் குடுங்க.”

கூச்சத்தோடு கத்தரியை வாங்கினார். முதல் நாள் இரண்டு பனியனில் ஓட்டை போட்டார். ஜெயசுதா திட்டினாள். ஆனாலும் தினமும் ஆறு மணிக்கு அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, அவள் விளக்கின் ஓரத்தில் குனிந்து வெட்டினார்.

இருபதாம் நாள், அதுவரை அணைந்தே கிடந்த அவர் தலைக்கு மேலிருந்த விளக்கு தானாக எரிந்தது. தையல் பகுதியே கைதட்டியது.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னார்: “கமலி, எனக்கு வேலை கெடச்சிருச்சு!”