நூற்று எழுபத்தாறு ராத்தல்

"ஒம்பது பேரை அடிச்சிருக்கே, சென்னிமலை. அந்த ஒம்பது பேரும் யாரு? அதைச் சொல்லு."

கரீம் பாஷா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். தோல் மண்டி முதலாளி. சூரமங்கலம் குத்துச்சண்டைச் சங்கத்துக்குக் காரியதரிசியும் அவர்தான். மேஜைமேல் மெட்ராஸுக்குப் போகவேண்டிய கடிதம் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் சென்னிமலை மாகாணப் போட்டிக்குப் போகலாம். அங்கே ஜெயித்தால் ரயில்வேயில் வேலை, குடியிருக்க வீடு.

சென்னிமலை அதிகம் பேசுகிறவன் இல்லை. அவனுக்காகப் பேச மனைவி பொன்னாத்தாள் வந்திருந்தாள்.

கடை திறந்திருந்தால் அவள் வந்திருக்க மாட்டாள். காலையில் பார்த்தால் அவளுடைய புளிக்கடையில் எடைக்கற்களைக் காணோம். ஐந்து வீசைக் கல் இரண்டு, இரண்டு வீசைக் கல் ஒன்று. பந்தயத்தன்று காணாமல் போய், மறுநாள் அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். இது ஐந்தாவது தடவை. ஆகாதவர்கள் யாரோ ஏதோ செய்கிறார்கள் என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க பாய், அடிச்சா அடிச்சதுதானுங்களே? ஊட்டுல கோப்பையா அடுக்கி வெச்சிருக்குது. ஒரு வாய் களி கிண்டறதுக்குக்கூட ஆகாது அது."

சங்கத்தின் விதி அப்படி. ஜெயித்தவனுக்குக் கோப்பை, தோற்றவனுக்கு ஒரு மூட்டை கேழ்வரகு. சென்னிமலை கையால் குத்து வாங்க ஆள் வராததால் பாஷா செய்த ஏற்பாடு. யுத்த காலமாதலால் கோணிக்கும் பஞ்சம். சாக்கை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

"முதல் அஞ்சு பேரைப் பத்திப் பேச்சில்லைம்மா. ராசிபுரத்துப் பயில்வான், ஜங்ஷன் போர்ட்டர், எல்லாம் ஆளுங்க. கடைசி நாலு பேரைப் பாரு. நாலும் தறிக்காரங்க. நூல் கிடைக்காமத் தறி நின்னு, கன்னம் ஒட்டிப்போனவங்க. இவன் கை படறதுக்கு முந்தியே படுத்துட்டாங்க. மெட்ராஸ்காரன் கேப்பானே, உங்க சாம்பியன் யாரை அடிச்சு சாம்பியன் ஆனான்னு?"

"எடை பாத்து மேடை ஏத்துனது நீங்கதானுங்களே. ஹெவிவெயிட்டுன்னா நூத்தி எழுபத்தாறு ராத்தலுக்குக் கொறையக் கூடாதுன்னு சட்டம் போட்டதும் நீங்கதான்."

"அதுதாம்மா எனக்கும் புரியலே. தராசுல நூத்தி எழுபத்தெட்டு. மேடையில பாத்தா மூங்கில் கழி."

அன்றைக்குப் பத்தாவது பந்தயம். எதிராளி மயில்சாமி, அயோத்தியாப்பட்டணத்துத் தறிக்காரன். கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு வந்தான். அங்கே எடை பார்க்க யாரையும் துணி அவிழ்க்கச் சொல்வதில்லை. மார்கழிக் குளிரில் கேட்கவே வேண்டாம். மாசமான பெண்போல மெல்ல நடந்து, தோல் நிறுக்கும் பெரிய தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்தான்.

நூற்று எழுபத்தேழு ராத்தல்.

"கம்பளியை எடு," என்றார் பாஷா.

"குளுருதுங்க."

"எடுப்பா."

மயில்சாமி சென்னிமலையைப் பார்த்தான். பிறகு கம்பளியை விலக்கினான். இடுப்பில் கட்டியிருந்த கயிறு நழுவியது. மூன்று இரும்புக் கற்கள் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தன, பன்னிரண்டு வீசை, முப்பத்தேழு ராத்தல் கனம். ஒவ்வொரு கல்லின் வளையத்திலும் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. சரஸ்வதி பூஜையன்று பொன்னாத்தாள் தன் கையால் சுற்றியது.

"இதுதானா சங்கதி? கல்லு யாரு குடுத்தது?"

மயில்சாமி கம்பளியை மறுபடி இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"சரி. சென்னிமலை, உனக்கு இது தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. முதல் அஞ்சு ஜெயிப்பை வெச்சு இப்பவே கையெழுத்துப் போடறேன். இந்தத் தறிக்காரனுங்களை நான் போலீஸ்ல சொல்லிப் பாத்துக்கறேன்."

பேனாவைத் திறந்தார். பொன்னாத்தாள் பின்னாலிருந்து புருஷனின் முதுகைக் கிள்ளினாள்.

"கல்லு என்னுதுங்க," என்றான் சென்னிமலை. "தறிக்காரங்க அஞ்சு பேருக்கும் நாந்தான் கட்டியுட்டேன்."

பாஷா பேனாவை மூடினார்.

"இளைச்சவனாப் பாத்துப் பிடிச்சு, எடை ஏத்தி, மேடையில படுக்க வெச்சு ஒரு ஜெயிப்பு. இதுக்குப் பேரு சாம்பியன். கல்லை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. இனிமே இந்தப் பக்கம் வராதே."

ரயில்வே கேட் வரைக்கும் பொன்னாத்தாள் பேச்சை நிறுத்தவில்லை.

"வேலையும் போச்சு, ஊடும் போச்சு. பேருக்கு ஆசப்பட்டுத் தராசையே ஏமாத்துவீங்களா? நாளைக்கு எங்கிட்ட யாருங்க புளி வாங்குவா? கல்லைப் பாத்தாலே சிரிப்பாங்க. ஒரு கோப்பைக்கா இத்தனையும்?"

பெரிய கற்கள் இரண்டும் சென்னிமலையின் தோளில், சின்னது கையில்.

பத்தடி பின்னால் மயில்சாமி வந்துகொண்டிருந்தான். கம்பளிக்கு அடியில் எதையோ இடுக்கியிருந்தான். கடையில் இன்னும் என்னென்ன போயிற்றோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போய்ப் பிடுங்கிப் பார்த்தாள்.

நாலாக மடித்த வெறும் சாக்கு.

"சாக்கோடவா சண்டைக்கு வந்தே? தோக்கறதுக்குன்னே வந்தியா?"

மயில்சாமி தலையைக் குனிந்துகொண்டான். பதில் சொன்னது சென்னிமலை.

"அவன் ஊட்டுல அடுப்பெரிஞ்சு மூணு நாளாச்சு, புள்ள. நூத்தி எழுபத்தாறு ராத்தல் இல்லாதவனைத் தோக்கக்கூட உடமாட்டேங்கறாங்களே, நான் என்ன பண்ண?"