மெஷின் நிற்காமல்

"மெஷினை நிறுத்தாம இதைக் கழட்ட முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லும்மா."

மேனேஜர் ஓஸ்வால்ட் கேட்டதும் வீணா கீபோர்டைப் பார்த்தபடியே, "முடியும் சார்" என்றாள். அவளுக்கே சரியாகக் கேட்காத குரல்.

"நேத்தும் இதைத்தான் சொன்னே. நாள் பூரா மெஷினை அணைச்சு அணைச்சு எழுப்பினோம். மும்பை ஹெட் ஆபீஸ்லேர்ந்து போன் மேல போன். இன்னைக்கு ஒரு தடவை நின்னாலும் வேலையைச் சென்னை ஆளுங்களுக்குக் கொடுத்துடுவேன். உன் ட்ரெய்னிங்கும் அதோட முடிஞ்சுது. வேற இடம் பார்த்துக்க வேண்டியதுதான்."

லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. ஆபீஸ் வாசல்களுக்குக் கார்டு பூட்டு செய்தார்கள். கார்டைத் தேய்த்தால்தான் கதவு திறக்கும். யார் எப்போது வந்தார், போனார் என்பதும் பதிவாகி மும்பைக்குப் போகும். முதல் பூட்டைத் தங்கள் வாசலிலேயே மாட்டியிருந்தார்கள்.

அந்தப் பூட்டைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் ட்ரைவர் என்ற ப்ரோகிராமை எழுதியவள் வீணா. அதில் சின்னத் திருத்தம் செய்தாலும், எல்லா மேஜைத் திரைகளையும் ஓட்டும் மொத்த மெஷினையும் அணைத்து எழுப்ப வேண்டியிருந்தது. அணைந்தால் மும்பைக்கு உடனே தெரிந்துவிடும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ட்ரைவரைக் கழட்ட வேண்டும், மாட்ட வேண்டும். அதுதான் வேலை.

பக்கத்து மேஜை சரவணன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். "சார், ஸ்டேடியத்துல மேட்ச் ஆரம்பிச்சாச்சு. இன்னைக்கு ஒரு நாள் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க சார்."

"கிரிக்கெட் பார்க்கவா சம்பளம் கொடுக்கறாங்க? ஆறு மணிக்கு முன்னாடி எவன் கார்டு தேய்ச்சாலும் மும்பைல கேள்வி வரும்."

"உங்க கார்டுக்குமா சார்?"

"என் கார்டுக்குத்தான் முதல்ல வரும். போய் வேலையைப் பாருய்யா."

வீணா கட்டளையைத் தட்டினாள். திரையில் ஒரு வரி வந்தது. மெஷின் கழட்ட மறுத்துவிட்டது.

"என்னவாம்?"

"யாரோ பிடிச்சுட்டிருக்காங்களாம் சார்."

"யாரு? சரவணனா?"

"இல்ல சார், அட்டெண்டன்ஸ் ப்ரோகிராம். அடுத்த கார்டு வருமான்னு காத்துட்டே இருக்கு. அது கையை விட்டாத்தான் கழட்ட முடியும்."

ஓஸ்வால்ட் வாட்சைப் பார்த்தார். "அப்போ திரும்பவும் அணைக்கணுமா?"

"வேண்டாம் சார். கொஞ்ச நேரம் கொடுங்க."

கழட்டும்போது பிடியை விடவும், மாட்டியதும் தானே பிடித்துக்கொள்ளவும் அந்த ப்ரோகிராமுக்கு நாலு வரி சேர்த்தாள். மறுபடி தட்டினாள்.

வாசலில் 'க்ளிக்'. பூட்டு திறந்துகொண்டது.

எதிர் மேஜைத் திரையில், அதே மெஷினில் கடிதம் டைப் செய்துகொண்டிருந்த மௌரீனிடம் ஓஸ்வால்ட் கேட்டார். "உனக்கு ஏதாவது நின்னுதா?"

"இல்லையே சார். ஏன், இன்னும் ஆரம்பிக்கலையா?"

வீணாவுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மாட்டு" என்றார் ஓஸ்வால்ட். க்ளிக். "கழட்டு." க்ளிக். "மாட்டு." க்ளிக். மௌரீன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சரி, கழட்டியிருக்கிறப்போ கதவு?"

"திறந்தே இருக்கும் சார். தீ கீ பிடிச்சா யாரும் உள்ள மாட்டிக்கக் கூடாதுன்னு அப்படி வச்சேன்."

"அந்த நேரம் பார்த்து ஒருத்தன் நடந்து வெளியே போயிட்டா?"

இதை வீணா யோசிக்கவே இல்லை. பொய் சொல்லவும் வரவில்லை.

"பதிவாகாது சார்."

"மும்பைக்கு?"

"மெஷின் அணையலையே சார்... தெரியவே தெரியாது."

இவ்வளவு பெரிய ஓட்டை. வேலை போயிற்று என்றே நினைத்தாள். "இப்பவே அடைச்சுடறேன் சார்" என்றாள் அவசரமாக.

"நாளைக்கு அடைச்சாப் போதும்."

ஓஸ்வால்ட் அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார். வீணா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

"நல்லா செஞ்சிருக்கேம்மா. இன்னும் ஒரே ஒரு தடவை கழட்டு."

க்ளிக்.

ஓஸ்வால்ட் மேஜை டிராயரைத் திறந்து, நீல நிற கிரிக்கெட் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். தன் கார்டைச் சரவணனின் மேஜையில் வைத்து, வாட்சைத் தட்டி அவனுக்கு ஆறு விரல்களைக் காட்டிவிட்டு வெளியே போனார்.